தலையெழுத்தை எழுதுவது யார்?

(வரிச்சிக்குடி இளைஞர் கூட்டத்தில் பத்திரிகைத் தொழிலைப் பற்றிச் செய்யப்பட்ட சொற்பொழிவு)



பத்திரிகைத் தொழிலில், அதிலும் படம் வரைந்து, பக்கம் அடுக்கி, பத்திரிகையைப் பார்வையாய் வெளிக்கொண்டு வருகின்ற வேலையில், ஒருவன் ஆயுள் முழுவதும் நிலைத்து நிற்பது எப்படி என்பதைப் பற்றி நான் இங்கு பேசவேண்டுமென்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்த ஊரில் நன்றாய்ப் படம் வரையக்கூடிய பிள்ளைகள் அய்ந்தாறு பேர் இருப்பதாகவும், அதில் பெண் பிள்ளைகளும் உண்டென்றும், ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடை சொல்லுவதாகவும் தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டில் “படம் போட்டுச் சோறு தின்ன முடியுமா?” என்கிறார்களாம். இன்னொரு வீட்டில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய், “இவனுக்குக் கலைத்தொழிலுக்கு யோகமில்லை, கடல் தாண்டித்தான் பிழைப்பு” என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்களாம். காரைக்கால் பக்கத்தில் பிரான்சுக்கும் வளைகுடாவுக்கும் போகாத குடும்பம் எத்தனை இருக்கிறது? இதைச் சொல்ல ஜோசியம் வேண்டுமா? மூன்றாவது வீட்டில், “அதெல்லாம் சரஸ்வதி கடாட்சம் உள்ளவர்களுக்கு, நம் தலையெழுத்து வேறு” என்று பெருமூச்சு விட்டு முடித்துவிட்டார்களாம்.

தோழர்களே! பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த தலையெழுத்து ஒன்றே ஒன்றுதான். பத்திரிகையின் முதல் பக்கத்தில் மேலே பெரிதாய்ப் பெயர் போட்டிருக்கிறதே, அதுதான் தலையெழுத்து. அதைப் பிரம்மா எழுதுவதில்லை. சம்பளம் வாங்குகிற ஒரு மனிதன் பென்சிலால் கோடு கிழித்து, அழித்து, மறுபடியும் கிழித்து, மை தொட்டு எழுதுகிறான். பிடிக்கவில்லையானால் அடுத்த வருஷம் வேறு மாதிரி எழுதிவிடுகிறான். இவ்வளவுதான் சங்கதி.

இந்தத் தொழில் ஏதோ சென்னைப் பட்டணத்துக்கே உரியது, நம் பக்கத்துக்கு அந்நியமானது என்றும் யாரும் எண்ண வேண்டியதில்லை. இங்கிருந்து வடக்கே சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் தரங்கம்பாடி இருக்கிறது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்ற பாதிரியார், ஜெர்மனியிலுள்ள ஹாலே என்ற ஊரில் தமிழ் எழுத்துகளை வார்க்கச் செய்து, 1713-இல் வரவழைத்து அச்சு வேலை நடத்தினார். மதம் பரப்பவே அச்சடித்தார்கள். அந்த மதத்தில் நமக்கு வேலையில்லை. அதில் நமக்கு வேண்டியது வேறு. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் மிகவும் பெரியவை. அவற்றைக் கொண்டு புத்தகம் போட்டால் காகிதம் மலையாய்ச் செலவாகும். ஆகவே தரங்கம்பாடியிலேயே உட்கார்ந்து சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். எழுத்தின் அளவு, காகிதத்தின் விலை, படிப்பவன் கண் ஆகிய இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று தட்டிக்கழிக்காமல் பொருத்துவதுதான் இன்றைக்கும் பக்கம் அமைக்கிறவனுடைய முதல் பாடம். அது நம் கடற்கரை மணலில் முந்நூறு வருஷத்துக்கு முன்பே நடந்த பாடம்.

நிற்க, ஆயுள் முழுவதும் இத்தொழிலில் நின்றவர் யார் என்று கேட்டால், நம் தஞ்சை ஜில்லாக்காரர் ஒருவரையே சொல்லுவேன். அவர் ஓவியர் கோபுலு. 1924-இல் தஞ்சாவூரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் கோபாலன். கும்பகோணத்தில் ஓவியப் பள்ளியில் படித்தார். ஆனந்த விகடனில் அக்காலத்தில் கேலிச்சித்திரத்துக்குப் பேர்போனவராயிருந்த மாலி என்பவரைத் தேடிப் போனார். மாலிதான் கோபுலு என்று பெயரை மாற்றினார். அவர் கொடுத்த முதல் வேலை, திருவையாற்றில் தியாகராயர் வீட்டில் இருந்த ராம பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு வரவேண்டும் என்பது. பையன் அங்கேயே தங்கி வரைந்து கொண்டுவந்தான். அது 1941-ஆம் வருஷத்து தீபாவளி மலரில் வெளியாயிற்று.

ராமர் பட்டாபிஷேகத்துக்கும் தீபாவளிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சம்பந்தமில்லைதான். ஆனாலும் பட்டாபிஷேகம் செய்துகொண்ட ராமன் அந்தப் பையனுக்கு ஒரு கோடும் கற்றுக்கொடுக்கவில்லை. சோறு தண்ணீர் பாராமல் உட்கார்ந்து பார்த்த கண்ணும், பார்த்ததைப் போட்ட கையுமே கற்றுக்கொடுத்தன. அவருக்குச் சரஸ்வதி கடாட்சம் என்று சொல்லுகிறவர்கள், அவருடைய உழைப்பைத் திருடி ஒரு பொம்மையின் கணக்கில் வரவு வைக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

அவர் விகடனில் இருபது வருஷத்துக்கு மேல் வரைந்தார். பேச்சே இல்லாமல், படத்தை மட்டும் கொண்டே சிரிக்க வைக்கும் நகைச்சுவைப் படங்களைப் போட்டார். எழுத்துத் தெரியாத பாட்டியும் அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். கொத்தமங்கலம் சுப்பு “கலைமணி” என்ற பெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் கதைக்கு அவர்தான் படம் போட்டார். நாயனக்காரர் உட்காருகிற மாதிரி, தவுல்காரர் தோள் சாய்கிற மாதிரி, கச்சேரி கேட்க வந்த மிராசுதார் வெற்றிலை மடிக்கிற மாதிரி இவையெல்லாம் தஞ்சை ஜில்லாவில் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தவனுக்கே வரும். ஆகையால் வரிச்சிக்குடிப் பையனுக்கு ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மீன் ஏலம் போடுகிறவள் கையை ஒரு நாள் பூராவும் பார்த்து வரையட்டும்.

இதில் தொழில் நுட்பமும் ஒன்று உண்டு. அக்காலத்தில் அச்சுக்கூடங்களில் படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி அடிப்பார்கள். மட்டரகக் காகிதத்தில் சாயல் காட்டும் படம் போட்டால் மை அப்பிக் கரியாய்ப் போகும். தெளிவான மைக்கோடுதான் நிற்கும். ஆகவே வேண்டாத கோடு ஒன்றும் போடாமல் இருக்க அக்காலத்து ஓவியர்கள் பழகினார்கள். ஏழ்மையான காகிதம் ஒரு கலையையே உண்டாக்கியது என்று சொல்லலாம்.

பிறகு என்ன ஆயிற்று? அவர் விகடனை விட்டு விளம்பரத் தொழிலுக்குப் போனார். 1972-இல் ஆட்வேவ் என்ற சொந்த விளம்பர நிலையம் வைத்தார். குங்குமம் பத்திரிகைக்கும், சன் தொலைக்காட்சிக்கும் சின்னம் வரைந்துகொடுத்தார். முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை வேலை செய்யாமல் போனபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015-இல், 90 வயதில் காலமானார். பிளாக் காலத்தில் துவங்கியவர் தொலைக்காட்சிக் காலம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார். 1941-இல் கற்றுக்கொண்டதை மட்டும் பத்திரமாய்ப் பூட்டி வைத்திருந்தால் 1961-லேயே வீட்டுக்குப் போயிருப்பார். வலது கையை விதி எடுத்துக்கொண்டது என்று அழுதுகொண்டிருந்தால் இடது கை எதற்கு?

ஓவியன் மட்டும் இருந்தால் பத்திரிகை நடந்துவிடாது, நடத்துகிறவனும் வேண்டும். அதற்கும் நம் பக்கத்து ஆள் உண்டு. விகடனை 1928-இல் விலைக்கு வாங்கி நடத்திய எஸ். எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். விளம்பரம் சேகரிக்கும் தொழிலில் இருந்து பத்திரிகைக்கு வந்தவர். குறுக்கெழுத்துப் போட்டி, பரிசு என்று ஜனங்களை இழுத்தார். அந்தப் பரிசு ஆசையை நான் மெச்சவில்லை. ஆனால் ஓவியனுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தால் பத்திரிகை விற்கும் என்பதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டவர் அவர்.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். படமும் பகட்டும் இல்லாமலே நின்ற பத்திரிகைகளும் உண்டு. 1925 மே 2-இல் ஈரோட்டில் துவங்கிய “குடி அரசு” பார்வைக்கு என்ன அழகு? ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்ல ஒரு சங்கதி இருந்தது. 1933-இல் அதில் வந்த தலையங்கத்துக்காக ஆசிரியரான பெரியாரும், வெளியிடுபவராயிருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு பெயரில் பத்திரிகை நின்றால் “புரட்சி” என்று வேறு பெயரில் வரும். அதுவும் நின்றால் “பகுத்தறிவு” என்று வரும். பத்திரிகை வெளியிடுவது பெண்களுக்குப் பொருந்தாத வேலை என்று சொல்லுகிற தகப்பன்மார்கள் இந்த அம்மாளின் பெயரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த அச்சுக்கூடத்திலிருந்துதான் எழுத்துச் சீர்திருத்தமும் வந்தது. கம்போசிட்டர் ஒருவர் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று, குழி குழியாய்த் தேடி, ஒவ்வொரு ஈய எழுத்தாய்ப் பொறுக்கிக் கோக்கவேண்டும். ணா, றா, னா என்ற எழுத்துகளுக்குக் கால் போடாமல் சுழித்த தனி உருவங்கள் இருந்தன. ணை, லை, ளை, னை என்பவற்றுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி தனி உருவங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி, தனி வார்ப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடம். மற்ற எழுத்துகளுக்குப் போடுகிற காலையும் கொம்பையும் இவற்றுக்கும் போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டு, 1935-இல் பெரியார் தம் பத்திரிகையில் அப்படியே அச்சிட்டுக் காட்டினார். பழைமைக்காரர்கள் தமிழுக்கே ஆபத்து என்றார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசாங்கம் அவற்றில் 13 எழுத்து மாற்றங்களை ஏற்று உத்தரவு போட்டது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் “மலை” என்று எழுதும்போது தும்பிக்கை போடுவதில்லை. தமிழ் செத்தா போயிற்று? பக்கம் அமைக்கிற வேலை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

இப்பொழுது, கூட்டத்துக்கு முன்னால் ஒரு தோழர் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “அய்யா, நான் வேலைக்குச் சேரும் பத்திரிகையில் ராசிபலன் பக்கம் இருக்கும். அதற்கும் நான்தானே கட்டம் போட்டு, நண்டும் தேளும் வரையவேண்டும்? அது தகுமா?” என்றார். இது சும்மா கேட்கிற கேள்வி அல்ல. இவருடைய தகப்பனார் படகில் கூலிக்குப் போகிறவர், இவர் சம்பளத்தை எதிர்பார்த்து இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். பசித்தவனிடம் போய், வேலையைத் தூக்கி எறி என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கட்டத்தைப் போடுங்கள், கூலியை வாங்குங்கள். ஆனால் மூன்று காரியம் செய்யாதீர்கள். அந்தப் பக்கத்தை உங்கள் திறமையின் மாதிரியாய் யாருக்கும் காட்டாதீர்கள். பலன் எழுதுகிறவர் லீவில் போய்விட்டால், “நீயே பழையதைப் புரட்டி நாலு வரி போடு” என்பார்கள், அதை எழுதாதீர்கள். எத்தனையோ இடத்தில் நடக்கிற வழக்கம் அது! ஆசிரியர் கூட்டத்தில் இந்த வாரம் எந்தப் பக்கத்தைக் குறைக்கலாம் என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். இதனால் உங்களுக்குப் பதவி உயர்வு தாமதப்படலாம். தாமதப்படாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பயமும் எல்லோருக்கும் இருக்கிறது. கணிப்பொறியிடம் இன்ன மாதிரி படம் வேண்டுமென்று சொன்னால் அதுவே போட்டுத் தந்துவிடுகிறதே, இனி ஓவியன் எதற்கு என்கிறார்கள். ஈய எழுத்துக் கோத்த கம்போசிட்டர்களுக்கும் இதே கதி வந்தது. ஆப்செட் அச்சு வந்தது, பிறகு பேஜ்மேக்கர் வந்தது. முப்பது வருஷம் பெட்டிக்கு முன்னால் நின்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கணிப்பொறி கற்றுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். வயதாகிக் கற்க முடியாதவர்களைக் காலம் மாறிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலம் யாரையும் அனுப்பவில்லை. கற்றுக்கொடுக்க மனமில்லாத முதலாளி அனுப்பினார். ஆகவே நீங்கள் புதியதைக் கற்பதோடு, தொழிலாளர் சங்கத்திலும் சேரவேண்டும். இயந்திரம் போடுகிற படத்தில் எது பொய், எது இந்த ஊரில் நடக்காதது, எந்த எழுத்து சிறுத்துப்போய்க் கிழவன் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணை வளர்த்துக்கொள்ளுங்கள்.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். “கலைக்கு விலை உண்டா” என்று சொல்லுகிறவர் காகிதக்காரனுக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்டித்தான் பத்திரிகை நடத்துகிறார். எந்தப் படத்துக்கு எவ்வளவு, மறுபடி போட்டால் எவ்வளவு, பெயர் போடுவார்களா, மாட்டார்களா என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வருகிறபோது, இந்த ஊருக்கென்று ஒரு சிறு மாதப் பத்திரிகை போடப்போவதாய்ச் சொன்னார்கள். நல்லது. பெரிய தாளாய் ஒரு தாளை மடித்தால் 16 பக்கம் கிடைக்கும், அதை ஒரு பாரம் என்பார்கள். நீங்கள் 18 பக்கம் எழுதி வைத்துக்கொண்டு திண்டாடாதீர்கள், இரண்டு பக்கத்தை வெட்டுங்கள். எழுத்தைப் பெரிதாய்ப் போடுங்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் படத்தை அட்டையில் போட்டு நன்கொடை வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்தால் இரண்டாவது இதழோடு நின்றுபோகும். அட்டைப்படம் அந்த இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருவர் போடட்டும். மாதிரிப் பக்கங்கள் கொண்டுவந்திருப்பதாய்ச் சொன்னீர்களே, கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் விளக்கடிக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்லுகிறேன்.