மூளைக் குருதிக்குழாய்ப் புடைப்பும் ஆஸ்பிரினும்

 

விழா நாளில் மருத்துவப் பேச்சு எதற்கு என்று சிலர்க்குத் தோன்றலாம். விழாக் காலமே நோன்புக் காலமும் ஆகும். நோன்பின்போது உணவோடு சேர்ந்து மருந்தும் நின்றுவிடுவதுண்டு. அவ்வாறு நிறுத்தினால் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடிய மருந்து ஒன்றைப் பற்றியது இவ்வுரை. அம்மருந்து ஆஸ்பிரின். மூளையின் குருதிக்குழாயில் தோன்றும் புடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர் அதனை எதற்காக உண்கிறார், அதனைத் தாமாகத் தொடங்குவதும் தாமாக நிறுத்துவதும் ஏன் தவறு என்பன இங்கு விளக்கப்பெறும்.

மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாயின் சுவர் ஓரிடத்தில் நலிவுற்றால், குருதியழுத்தம் அவ்விடத்தைச் சிறு குமிழிபோல் புடைக்கச் செய்யும். மிதிவண்டிச் சக்கரத்தின் டியூப் தேய்ந்த இடத்தில் உப்புவது போன்றது அது. மருத்துவர் இதனை அனியூரிசம் என்பர். வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர்க்கு இப்புடைப்பு இருக்கலாம் என ஆய்வுகள் கூறுகின்றன. அவருள் பெரும்பாலோர்க்கு அது வாழ்நாள் முழுதும் வெடிப்பதில்லை. வெடித்தாலோ மூளையைச் சுற்றிக் குருதி பரவும். அதுவரை கண்டிராத கடுந்தலைவலி நொடிப்பொழுதில் தோன்றும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் ஆகியன தொடரும். அந்நிலைக்கு உள்ளானோருள் மூவரில் ஒருவரேனும் உயிரிழக்கின்றனர். உயர் இரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் இதற்கு முதன்மையான காரணங்கள். ஆண்களினும் பெண்களிடத்தே இது மிகுதி. ஒரே குடும்பத்தில் இருவர்க்கு இருப்பின் ஏனையோரும் மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று.

தமிழகத்தில் இந்நோய்க்கான மருத்துவத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949ஆம் ஆண்டு மருத்துவர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. இராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். நெடுங்காலம் வரை மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வியைப் பொருத்துவதே வழியாக இருந்தது. 1990ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் குயிதோ குலியெல்மி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வேறொரு வழியைக் கண்டார். தொடையிடுக்கின் குருதிக்குழாய் வழியே மெல்லிய குழல் ஒன்றை மூளைவரை செலுத்தி, முடியினும் மென்மையான பிளாட்டினச் சுருளைப் புடைப்பினுள் நிரப்பும் முறை அது. மண்டையோட்டைத் திறக்க வேண்டுவதில்லை. வெடித்த புடைப்புடைய 2143 நோயாளிகளிடம் இருமுறைகளையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஓராண்டு கழிந்தபோது, இறந்தோரும் பிறர் துணையின்றி இயங்க இயலாதோரும் அறுவை முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர். சுருள் முறையில் ஏறத்தாழ 24 பேர். அதன்பின் சுருள் முறை உலகெங்கும் பரவியது.

புடைப்பின் வாய் அகன்றிருந்தால் சுருள் உள்ளே நிற்காது. அப்போது குழாயினுள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழல் ஒன்றையும் பொருத்துவர். மிக நெருங்கிய பின்னலுடைய வலைக்குழல் மட்டுமே வைத்து, குருதியின் ஓட்டத்தைப் புடைப்பிலிருந்து திருப்பிவிடும் முறையும் இப்போது உண்டு. அத்தகைய வலைக்குழல் ஒன்றைத் திருவனந்தபுரம் ஶ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கி, அதன் தொழில்நுட்பத்தை 2020இல் புனே நகர நிறுவனம் ஒன்றுக்கு வழங்கியது.

இங்கேதான் ஆஸ்பிரினின் பணி தொடங்குகிறது. உடம்பில் காயம்பட்டால் குருதியிலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அவ்விடத்தை அடைக்கும். அது இயற்கை தந்த காவல். குழாயினுள் இருக்கும் உலோக வலையையும் தட்டணுக்கள் காயமென்றே கொண்டு அதன்மேல் திரளும். அத்திரள் உறைந்து குழாயை அடைத்தால், அல்லது அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து மூளைக்குள் சென்றால், பக்கவாதம் நேரும். குழாயின் உட்தோல் வலையின்மேல் படர்ந்து மூடும்வரை இவ்வச்சம் நீடிக்கும். அதற்குத் திங்கள் பல ஆகும். அதுவரை தட்டணுக்களை அடக்கி வைப்பதே ஆஸ்பிரினின் வேலை.

அது எவ்வாறு அடக்குகிறது என்பதற்கு வழிகாட்டியவர் ஆங்கில அறிஞர் ஜான் வேன். புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடம்பில் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என 1971இல் அவர் காட்டினார். 1982இல் நோபெல் பரிசும் பெற்றார். தட்டணுக்களை ஒட்டச் செய்யும் திராம்பாக்சேன் என்னும் பொருளும் அவ்வழியிலேயே தோன்றுவது பின்னர் அறியப்பட்டது. ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முடியும்வரை அப்பொருளை மீண்டும் உண்டாக்குவதில்லை. தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஆனால் நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு புதிதாகப் பிறக்கிறது. ஆகவே மாத்திரையை நான்கைந்து நாள் நிறுத்தினால் ஆஸ்பிரின் படாத தட்டணுக்கள் பெருகிவிடும். நோயாளிக்கு எந்த வலியும் தெரியாது. குழாயினுள் உறைதல் மட்டும் தொடங்கியிருக்கும்.

வலைக்குழல் பொருத்துவோர்க்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இரண்டாம் மருந்தையும் சேர்த்துத் தருவது வழக்கம். சிகிச்சைக்குச் சில நாள் முன்பே இரண்டையும் தொடங்குவர். இரண்டாம் மருந்து பொதுவாக மூன்று முதல் ஆறு திங்களில் நிறுத்தப்படும். ஆஸ்பிரின் ஓராண்டோ அதற்கு மேலோ, சிலர்க்கு வாழ்நாள் முழுதுமோ தொடரும். வலையின்றிச் சுருள் மட்டும் வைக்கப்பட்டவர்க்குக் குறுகிய காலமே போதும்; சிலர்க்கு அதுவும் வேண்டுவதில்லை. எனவே ஒருவர்க்கு எழுதிய சீட்டு மற்றவர்க்குப் பொருந்தாது.

இனி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரில் வாழும் தாய் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரி 12இல் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. முன்னினும் மருத்துவம் அருகில் வந்துள்ளது என்பது உண்மை. ஆயினும் மூளைக்குழாய்க்குள் வலைக்குழல் பொருத்தும் சிகிச்சை பெரும்பாலும் சென்னை, புதுச்சேரி போன்ற பெருநகரங்களில்தான் நடைபெறுகிறது. அத்தாய் அங்குச் சென்று, நலமுற்று, கச்சிராயப்பாளையம் வழியே மலையேறி வீடு திரும்புகிறார். கையில் ஒரு திங்களுக்குரிய மாத்திரை இருக்கிறது. தலைவலி இல்லை, தழும்பும் இல்லை. மரவள்ளிக் காட்டில் வேலை காத்திருக்கிறது. முப்பதாம் நாள் மாத்திரை தீர்கிறது. நலமாகத்தானே இருக்கிறோம் என்று அவர் எண்ணுவது இயல்பே. பெருஞ்செலவில் பெற்ற சிகிச்சை முழுவதும் அந்த முப்பத்தோராம் நாளில் தடுமாறுகிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றின் விலையோ பொதுவாக ஒரு ரூபாய்க்கும் குறைவு.

மலையூர்க்கு மட்டும் உரிய இடர் அன்று இது. உளுந்தூர்ப்பேட்டை அருகேயுள்ள திருநறுங்கொண்டைக்கு வழிபட வருவோர் மாத்திரையை வீட்டில் மறந்து வருவதுண்டு. நோன்பு நோற்போர் நீரும் அருந்தாத நாளில் மாத்திரையை விட்டுவிடுவதுண்டு. ஆற்றலுக்கேற்ற தவம் என்பது பதினாறு பாவனைகளுள் வைத்து எண்ணப்பெறுவது. அந்த ஆற்றல் எவ்வளவு என்பதை நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடமும் கேட்டறிதல் தகும். ஆஸ்பிரின் நாளுக்கு ஒரு வேளை மருந்து. பகலுணவுக்குப்பின் உண்ணுமாறு அமைத்துக்கொண்டால் இரவுண்ணாமைக்கு இடையூறு இல்லை. இருவேளை உண்ண வேண்டிய மருந்து தரப்பட்டவர் தம் வழக்கத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டு மருந்துகள் சில, விலங்கின் செலட்டினால் ஆன உறைக்குள் வருகின்றன. அதற்காக மருந்தையே ஒதுக்கிவிட வேண்டா. அதே மருந்துகள் தனித்தனி மாத்திரைகளாகவும் கிடைக்கின்றன. மருத்துவரைக் கேட்டு மாற்றிப் பெறலாம்.

பல் பிடுங்க நேர்ந்தால், மூளையில் வலைக்குழல் இருப்பதைப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே குருதிப்போக்கைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இயலும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் இபுபுரூஃபென் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கக்கூடும். நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலின் ஆற்றலைக் குறைக்கக்கூடும். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் டெங்குவாக இருக்கலாம். அந்நோயில் ஆஸ்பிரின் குருதிப்போக்கை மிகுவிக்கும். அத்தகையோர் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அங்கேயே முடிவு செய்வர். மலம் கரியதாதல், குருதி வாந்தி, கடுந்தலைவலி ஆகியவற்றுக்கும் இதுவே முறை.

நிறுத்தலாகாது என்பதைக் கேட்டவர், ஆஸ்பிரின் மூளைக்கு நல்லது என்று தாமாக உண்ணத் தொடங்குவதும் தவறு. திடீரெனக் கடுந்தலைவலியோ கைகால் செயலிழப்போ தோன்றும்போது, குழாய் அடைபட்டதா வெடித்ததா என்பதை வெளியிலிருந்து எவராலும் கூற இயலாது. அடைப்புக்கு ஆஸ்பிரின் மருந்தாகலாம். வெடிப்புக்கு அதுவே நஞ்சாகலாம். சி.டி. ஸ்கேன் எடுத்தபின்னரே அது தெளிவாகும். அதுவரை வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காமல் 108 ஊர்தியை அழைப்பதே செய்யத்தக்கது.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்வழி இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீடுதேடி வருகின்றன. புடைப்புடையோர்க்கு இரத்த அழுத்தத்தை அடக்குவது முதற்கடமை. அவ்வுதவியைத் தவறாது பெற வேண்டும். ஆஸ்பிரின் சீட்டையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, மாத்திரை தீருமுன் பெறும் வழியைக் கேட்டறிதல் நன்று.

உணவு, அடைக்கலம், மருந்து, நூல் எனத் தானம் நால்வகை. மருந்துத் தானம் என்றவுடன் அறுவைச் செலவுக்குப் பெருந்தொகை தருவதே நினைவுக்கு வரும். அது போற்றற்குரியதே. சிகிச்சை முடிந்து வீடு வந்தவரை அடுத்த ஓராண்டு நினைவில் கொண்டு, முப்பதாம் நாளுக்கு முன்பே மாத்திரை வந்துசேரச் செய்வதும் மருந்துத் தானமே. ஒவ்வோர் ஊரிலும் இளைஞர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கலாம். சிகிச்சை பெற்றவரின் மருந்துகள், தொடங்கிய நாள், மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைக்கச் செய்யலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. நாள் தவறாத கவனம் போதும்.