தொட்டில் முதல் தள்ளாமை வரை: காணொளி வழியே வாழ்க்கைப் பருவங்களைக் கற்போம்

(பெக்கோக்கில் நடைபெற்ற சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தின நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் பேசத் தகுதியுள்ள பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற ஒரு தாதி. பணியின் கடைசிக் காலத்தில் தாதிமை மாணவர்களுக்கு மனித வளர்ச்சிப் பாடம் நடத்தினேன். மனிதன் கருவில் உருவாவதிலிருந்து முதுமை அடையும் வரை உடலும் மனமும் எப்படி மாறுகின்றன என்பதுதான் அந்தப் பாடம். புத்தகத்தைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது காணொளி. அதை நம் வீடுகளுக்கும் எப்படிக் கொண்டுவரலாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தா இந்த ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மவுத்தான பிறகு அம்மா என்னோடு இருந்தார். எழுபத்து மூன்று வயதில் அம்மாவிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. ஆணத்துக்கு இரண்டு முறை உப்புப் போடுவார். அசர் தொழுத பிறகு மறுபடியும் ஒலூ எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். "அலமாரியில வச்ச காச யாரு எடுத்தா?" என்று வீட்டுப் பிள்ளைகளைச் சந்தேகப்படுவார். ஒருநாள் மாலை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, "ரஜூலா எப்ப வருது? ஊருக்குப் போகணும்" என்றார். ரஜூலா கப்பல் ஓடுவது 1973இலேயே நின்றுவிட்டது என்று இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். நான் அன்று வேலை முடிந்து அலுத்துப்போய் வந்திருந்தேன். "சீ, என்னம்மா இது, வேணும்னே செய்றீங்களா?" என்று கத்திவிட்டேன்.

பெற்றோர் முதுமை அடைந்தால் எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று அல் இஸ்ரா அத்தியாயம் 23ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறதோ, அந்தச் சொல்லைத்தான் நான் சொன்னேன். ஓதியும் இருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அத்தோடு நான் ஒரு தாதி.

சில வாரங்கள் கழித்து மாணவர்களுக்கு மறதி நோய் பற்றிய பயிற்சிக் காணொளி ஒன்றைப் போட்டேன். அதில் ஒரு மகள் தன் தாயிடம் பொறுமை இழந்து பேசுகிறாள். தாயின் முகம் நெருக்கத்தில் வருகிறது. தான் என்ன தவறு செய்தோம் என்று தெரியாத முகம். அங்கே நிறுத்தி, "இதில் என்ன பார்த்தீர்கள்?" என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். என்னால் கேட்க முடியவில்லை. அன்று இரவே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அதற்குள் ஒன்றரை ஆண்டு வீணாகியிருந்தது.

2018இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். அதாவது பன்னிரண்டு பெரியவர்களில் ஒருவர். இந்த மண்டபத்தில் இருக்கும் பெரியவர்களை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். நாம் "வயசாயிடுச்சு, பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது ஒருவேளை நோயாக இருக்கலாம்.

சொல்லிப் புரியாதது பார்த்தால் புரிகிறது. இதற்கு ஒரு வரலாறே உண்டு. எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து மருத்துவமனைகளில், சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாது. "முதல் நாள் அழும், பிறகு பழகிவிடும்" என்பார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இது சரியில்லை என்று வாயால் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. 1952இல், குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார். குழந்தை பெரிதாக அழவில்லை. ஆனால் நாளாக ஆக அதன் முகத்தில் சிரிப்பு வற்றிப்போவதைப் படம் காட்டியது. முதலில் மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். பிறகு அவர்களாலும் மறுக்க முடியவில்லை. 1959இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று பிள்ளைகள் வார்டில் தாய் கூடவே தங்க முடிகிறது என்றால், அந்தப் படத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அமைதியாகிவிட்டது என்றால் பழகிவிட்டது என்று பொருள் இல்லை. என் அம்மாவும் கடைசியில் அமைதியாகத்தான் இருந்தார்.

இன்னொரு காணொளியை இளம் தாய்மார்களுக்கு அவசியம் காட்டுவேன். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் தொடங்கிய ஆய்வு அது. தாய் குழந்தையோடு சிரித்து விளையாடுகிறாள். பிறகு இரண்டே நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒரு முறை காட்டி முடித்ததும் ஒரு தாய் என்னிடம், "மிஸ்ஸி, நான் கைத்தொலைபேசி பாக்கும்போது என் மூஞ்சி அப்படித்தானே இருக்கும்?" என்று கேட்டார். நான் அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் காணொளிகள் பெரியவர்கள் பார்ப்பதற்கு. குழந்தைக்குக் கற்பிக்கிறோம் என்று கைத்தொலைபேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். 2003இல் பட்ரிஷியா கூல் என்ற ஆய்வாளர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைக் கேட்க வைத்தார். நேரில் ஓர் ஆள் உட்கார்ந்து கொஞ்சிப் பேசிய குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைக் காணொளியில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது; அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. நன்னியின் மடியில் உட்கார்ந்து கேட்ட பேச்சுக்கு ஈடாகத் திரை எதையும் தராது.

பருவம் பார்த்துப் பிள்ளை வளர்ப்பது நமக்குப் புதிதில்லை. தமிழில் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. தலையை நிமிர்த்தி ஆட்டும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், கைதட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று கணக்கும் உண்டு. நம் முஸ்லிம் புலவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் 54ஆம் வசனமோ, பலவீனத்தில் தொடங்கிப் பலத்துக்கு ஏறி மறுபடி பலவீனத்துக்கும் நரைக்கும் இறங்கும் முழு வாழ்க்கையையும் நம் முன் வைக்கிறது. இந்த அறிவு நம்மிடம் இருக்கிறது. பக்கத்து அறையில் இருப்பவரோடு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தவறிவிடுகிறோம்.

இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். "ராத்திரி தூங்குறதில்ல, சுபுஹுக்கு எழுப்பினா எழுறதில்ல" என்பது எல்லா வீட்டுப் புகாரும்தான். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு இரவில் தள்ளிப்போகிறது என்பதை ஐந்து நிமிடக் காணொளி விளக்கிவிடும். அதனால் தொழுகைக்கு விலக்கு வந்துவிடாது. ஆனால் சோம்பேறி என்று திட்டுவதை விட்டு, இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியைக் கூடத்தில் வைக்கச் சொல்வது பலன் தரும் என்று பெற்றோருக்குப் புரியும். அதேபோல் ஐம்பதை ஒட்டிய தாய்மார்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் உடல் சூடும் தூக்கமின்மையும் மன அலைச்சலும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் இந்த விஷயத்தைப் பெண்கள் மட்டும் கூடும் இடத்தில் ஒரு காணொளி சொல்லிவிடும். பிறகு பேச்சு தானாக வரும்.

சரி, எப்படிச் செய்வது? என் வகுப்பில் கடைப்பிடித்த முறையையே சொல்கிறேன்.

முதலாவது, சிறியதாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். முதல் முறை சத்தம் இல்லாமல் ஓட விடுங்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கண் பழகிய பிறகு விளக்கத்தோடு மறுபடி போடுங்கள்.

இரண்டாவது, நம் மொழியில் இருக்கட்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், குழந்தையைப் பிடித்துத் தாய்ப்பால் கொடுக்கும் முறை போன்றவற்றைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் காணொளியாகத் தந்திருக்கிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், நம் பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லட்டும். சொல்கிறவரும் கற்றுக்கொள்வார்.

மூன்றாவது, தயாரித்தது யார் என்று பாருங்கள். மருத்துவமனையா, பல்கலைக்கழகமா, சுகாதார அமைச்சா? கடைசியில் எண்ணெயோ மாத்திரையோ விற்கிறதா? புலனத்தில் வரும் காணொளிகளில் பாதியை இந்த ஒரு கேள்வியே வடிகட்டிவிடும்.

நான்காவது, காணொளியைப் பார்த்து நாமே நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போக வேண்டும். பதினெட்டு மாதக் குழந்தையை அழைத்துப் போகும்போது அங்கே வளர்ச்சி பற்றிய கேள்வித்தாள் தருவார்கள். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் ஆம் என்று கோடு போட்டுவிட்டு வராதீர்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். பார்த்த வாரத்தில் வீட்டில் ஒருவரைக் கவனியுங்கள். குழந்தை பற்றிய காணொளி என்றால் பேரப்பிள்ளையை. முதுமை பற்றியது என்றால் அம்மாவையோ அத்தாவையோ. அடுத்த கூட்டத்தில் கண்டதைச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் காணொளி வெறும் பொழுதுபோக்குதான்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 1964இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சி ஏழு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரைப் படம் எடுத்தது. பிறகு ஏழு ஆண்டுக்கு ஒரு முறை மைக்கேல் ஆப்டெட் என்ற இயக்குநர் அவர்களைத் தேடிப் போனார். 2019இல் அவர்களுக்கு அறுபத்து மூன்று வயது. நடுவில் சிலர் வேண்டாம் என்று விலகினார்கள்; அது அவர்கள் உரிமை. ஒரு மனிதன் எப்படி வளர்ந்து முதிர்கிறான் என்று காட்ட அதைவிட நல்ல பாடத்தை நான் வகுப்பில் பயன்படுத்தியதில்லை.

நம் ஊர் மட்டும் குறைந்ததா? மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சீக்கோ ஆய்வுத் திட்டம், சிகாமட் மாவட்டத்தில் ஐந்து முக்கிம்களைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 40,000 மக்களின் உடல்நலத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறது. அந்த ஐந்தில் பெக்கோக்கும் ஒன்று. உலக ஆய்வாளர்கள் கற்றுக்கொள்ள வரும் ஊரில் நாமும் கற்றுக்கொள்ளலாம். சங்கம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது இந்த மண்டபத்தில் குடும்பங்களைக் கூட்டி ஒரு காணொளியைக் காட்டட்டும். விரும்புகிற வீடுகளில், சம்மதம் கேட்டு, பெரியவர்களைப் பத்து நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்யட்டும். ஏழு வயதுப் பிள்ளைகளையும் பதிவு செய்யட்டும். அவர்களுக்குப் பதினான்கு வயதாகும்போது மறுபடி எடுப்போம். அந்தப் பதிவுகள் அந்தந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும், வெளியில் பரப்ப வேண்டாம்.

என் அம்மாவின் குரல் என்னிடம் ஒரு பதிவில்கூட இல்லை. கடைசி மூன்று ஆண்டுகளில் அவர் கப்பலைக் கேட்டபோதெல்லாம், "நாளைக்கு வருதும்மா, இப்ப சாப்பிட்டுத் தூங்குங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார். ஒரு காணொளி எனக்குக் கற்றுத் தந்தது அவ்வளவுதான். அது ஒன்றரை ஆண்டு முன்னால் கிடைத்திருக்கலாம் என்பதால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. இந்தச் சங்கத்தைத் தொடங்கி மறைந்த முன்னோர்களின் கப்றுகளை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.