துடுப்பு பிடித்த கை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் தலைவி பேசியது)



மகள் பிரசவத்துக்காக இங்கிலாந்து போய் வந்தேன். "அங்கே என்னக்கா பார்த்தீங்க?"ன்னு எல்லோரும் கேட்டீங்க. பாம்பரோ என்ற கடலோர ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கிரேஸ் டார்லிங் என்ற பெண்ணின் நினைவாக 1938-ல் அதைத் திறந்திருக்கிறார்கள். அவர் அப்பாவுக்கு லாங்ஸ்டோன் தீவில் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் வேலை. 1838 செப்டம்பர் 7 விடியற்காலை. புயலில் ஃபார்ஃபர்ஷயர் என்ற கப்பல் பாறையில் மோதி உடைந்து கிடந்ததை ஜன்னல் வழியே பார்த்தவர் கிரேஸ். வயது 22. ஆண்பிள்ளைகள் யாரும் அன்று வீட்டில் இல்லை. அம்மா கைகொடுக்க, அப்பாவும் மகளும் படகை இறக்கினார்கள். அப்பா பாறையில் குதித்ததும், படகு மோதி உடையாதபடி கிரேஸ் தனியாளாகத் துடுப்புப் போட்டுப் பிடித்துக்கொண்டார். இரண்டு நடையில் 9 பேர் பிழைத்தார்கள். அதில் ஒரு தாய். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பாறையிலேயே இறந்து போயிருந்தன. கிரேஸும் 26 வயதில் காசநோயில் இறந்துவிட்டார்.

அந்தப் படகு அங்கே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பத்தாவது படிக்கும்போது எங்க அண்ணன் கரைக்குப் பக்கத்திலேயே அலையில் மாட்டினான். கயிறு எடுக்க ஓடின என்னை, "பொம்பளப் புள்ள, உனக்கென்ன அங்க வேலை?"ன்னு பிடித்து நிறுத்தினார்கள். கயிறு வந்தபோது அண்ணன் இல்லை.

அந்த அருங்காட்சியகத்தை நடத்துவது 1824-ல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம். பொதுமக்கள் போடும் நன்கொடைதான் அதன் பலம். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். 2024-ல் 200 வருடம் முடிந்தபோது 1,46,000-க்கும் மேல் உயிர்களைக் காப்பாற்றியிருந்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதுசா என்ன?

அதனால் ஒன்று கேட்கிறேன். நம் கடலோரக் குழு ஒவ்வொன்றும் காற்றடித்த லாரி டியூப் ஒன்று, நீளமான கயிறு ஒன்று வாங்கிக் கரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்போம். யாராவது தத்தளித்தால் நாமும் குதிக்க வேண்டாம். டியூபை வீசி இழுப்போம். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடுவோம். இனி நம்ம ஊரில் கயிறு எடுக்க ஓடும் பெண்ணை யாரும் தடுக்கக் கூடாது.