கை நடுங்கல, குண்டுதான் லூஸ்!

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன வாரம் பாளையங்கோட்டையில இருந்து ஒரு கல்லூரி மாணவி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுறாங்க, மூணு வருஷமா. அவங்க சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன். "அண்ணாச்சி, ரெண்டு மாசமா ஸ்கோர் இறங்கிக்கிட்டே போகுது. நல்லா விட்ட குண்டுகூட எட்டுக்குப் போகுது. என் கை நடுங்குதுன்னு எல்லாரும் சொல்றாவ. எனக்கும் அப்படித்தான் தோணுது. இந்த வருஷத்தோட விட்டுரலாமான்னு இருக்கேன்." கடைசியில, போற போக்குல ஒரு வரி: "புது டப்பா பெல்லட் வாங்கினதுல இருந்துதான் இப்படி. பேரலைத் துடைச்சா கறுப்பா ஏதோ வருது."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. விட்டுரலாமான்னு கேக்குற பிள்ளை, பதிலையும் தானே சொல்லிட்டு, அதைக் கவனிக்காம போயிருக்கு. அதனால இன்னைக்கு ஒரே விஷயம்தான்: ஈயக் குண்டுக்கும் குழலுக்கும் உள்ள பொருத்தம்.

சைக்கிள் பம்ப் எல்லாரும் அடிச்சிருப்பீங்க. உள்ள ஒரு தோல் வாசர் இருக்கும், சின்னக் கிண்ணம் மாதிரி. அமுக்கும்போது காத்து அந்தக் கிண்ணத்தோட விளிம்பைத் தள்ளி, குழாய்ச் சுவரோட ஒட்ட வைக்கும். வாசர் காஞ்சு சுருங்கிட்டா என்ன ஆகும்? நீங்க எவ்வளவு மூச்சு முட்ட அடிச்சாலும் காத்து பக்கவாட்டுல ஓடிரும். டயர் ஏறாது. துப்பாக்கிக் குழலும் இதே கதைதான். பின்னால இருந்து தள்ளுற காத்தோ புகையோ, குண்டைத் தாண்டி முன்னால ஓடக் கூடாது.

குழலுக்குள்ள ஸ்க்ரூவுல இருக்குற மாதிரி புரி வெட்டியிருப்பாங்க. குண்டு அந்தப் புரியைக் கவ்வினாத்தான் சுழலும், சுழன்றாத்தான் நேரா போகும். குண்டு ஒரு மயிரிழை சின்னதா இருந்தா ரெண்டு கெடுதல். புரியைச் சரியா கவ்வாது. அதோட, ஓரத்துல இடைவெளி இருக்கும்.

வெடிமருந்துத் துப்பாக்கியா இருந்தா அந்த இடைவெளியில பாயுற வாயு, ஈயத்தோட ஓரத்தை வெட்டி உருக்கும். காரீயம் 327 டிகிரியிலேயே உருகிரும், வெடிமருந்து வாயுவோட சூடு அதைவிட எத்தனையோ மடங்கு. உருகின ஈயம் முன்னால தெறிச்சு குழல்ல ஒட்டும். அதுமேல அடுத்த குண்டு தேய்ச்சுக்கிட்டு போகும். இருபது முப்பது குண்டுக்கு அப்புறம் புரியே தெரியாது, பாத்திரத்துக்கு ஈயம் பூசின மாதிரி ஆயிரும். (தெருவுல வந்து அண்டாவுக்குப் பூசுறவங்க பூசுறது வெள்ளீயம். நான் பேசுறது காரீயம். தமிழ்ல ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் இருக்கறது நமக்கு வசதி.)

இந்தச் சிக்கலுக்கு நம்ம பக்கத்துல இருந்தே ஒரு விடை போயிருக்கு, தெரியுமா? அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போகணும்.

பாஞ்சாலங்குறிச்சிச் சண்டை நடந்த 1799, 1801 காலத்துல கும்பினிச் சிப்பாய் கையில இருந்த மஸ்கெட்டோட குழல் சுமார் 19 மில்லிமீட்டர். அதுக்குள்ள போட்ட உருண்டை சுமார் பதினேழரை. வேணும்னுதான் சின்னதா வார்த்தாங்க. ஏன்னா குண்டை வாய்ப்பக்கமா போட்டு இடிக்கணும். நாலு தடவை சுட்டா குழல்ல கரி படியும், பொருத்தமான குண்டு உள்ளே இறங்காது. வேகமா போடணும்னா லூஸா இருக்கணும், குறி தவறாம இருக்கணும்னா டைட்டா இருக்கணும். ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. பாளையக்காரங்க கையில இருந்த திரித் துப்பாக்கியும் வாய்வழியா நிரப்புறதுதான், அதுக்கும் இதே கஷ்டம்தான். 1801 டிசம்பர்ல சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டு பாளையக்காரங்க ஆயுதம் வச்சிருக்கறதையே தடுத்தார். அதோட அந்தப் பக்கத்துக் கதை அடங்கிட்டு.

இருபது வருஷம் கழிச்சு, 34-வது ரெஜிமென்ட்ல ஜான் நார்ட்டன்னு ஒரு கேப்டன். தென்னிந்தியாவுல இருந்தப்ப, இங்க உள்ளவங்க ஊதுகுழல்ல வச்சு ஊதுற அம்பை எடுத்துப் பார்த்திருக்கார். அம்போட அடியில தாமரைத் தண்டுச் சக்கை மாதிரி மெத்துன்னு ஒரு பொருள். ஊதினதும் அந்தச் சக்கை விரிஞ்சு குழலோட உள்சுவரை அடைச்சிக்கிடும், ஒரு மூச்சும் வீணாகாது. நார்ட்டன் அதைப் பார்த்துத்தான் 1823-ல அடிப்பக்கம் குழிவா உள்ள நீளமான ஈயக் குண்டு ஒண்ணைச் செஞ்சார். போடும்போது லூஸ். சுட்டதும் வாயு அந்தக் குழிக்குள்ள புகுந்து, ஓரத்தை விரிச்சு, டைட்டாக்கிரும். அதான், நம்ம பம்ப் வாசர்!

லண்டன்ல அதை ஏத்துக்கல. உருண்டைதான் ராணுவத்துக்கு ஏத்ததுன்னு சொல்லிட்டாங்க. பின்னால 1836-ல கிரீனர்னு ஒரு துப்பாக்கித் தொழில்காரர் இதே யோசனையை வேற மாதிரி கொண்டு போனார், அப்பவும் தள்ளிட்டாங்க. 1849-ல பிரெஞ்சுக் கேப்டன் மினியே செஞ்சது உலகம் பூரா பரவினது. பிரிட்டிஷ் அரசு மினியேக்கு இருபதாயிரம் பவுண்டு கொடுத்துச்சு. கிரீனருக்கு 1857-ல ஆயிரம் பவுண்டு. அம்பு செஞ்ச ஆளோட பேரை யாரும் கேக்கவே இல்ல. நமக்கும் அது பழகிப் போச்சு, விடுங்க.

1857-னு சொன்னதும் உங்களுக்கு வேற ஞாபகம் வந்திருக்கும். ஆமா, அந்த என்ஃபீல்டு துப்பாக்கிதான். குழல் 14.66 மில்லிமீட்டர், குண்டு 14.4. வேணும்னே சின்னதாக்கின, சுட்டதும் விரியற குண்டு. அது சிக்காம இறங்கவும், கரி படியாம இருக்கவும் காகிதத் தோட்டாமேல கொழுப்பு தடவுனாங்க. அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்புன்னு பேச்சு கிளம்பி, மே 10 அன்னைக்கு மீரட்ல வெடிச்சது. கலகத்துக்கு எத்தனையோ காரணம் இருக்கு, நான் எல்லாத்தையும் கொழுப்புமேல போடல. ஆனா அந்தக் கொழுப்பு அங்க எதுக்கு இருந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல யாரும் நமக்குச் சொல்லித் தரல. குண்டுக்கும் குழலுக்கும் உள்ள கால் மில்லிமீட்டர் இடைவெளிக்காகத்தான் அது.

சரி, இன்னைக்கு வருவோம். அமெரிக்காவுல வீட்டுலேயே ஈயம் உருக்கி, அச்சுல வார்த்து, கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புறது பெரிய பொழுதுபோக்கு. அந்த வீடியோவெல்லாம் நம்ம பிள்ளைங்களும் பாக்குதுங்க. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது, ஜெயிலுக்குப் போற குற்றம். வீட்டுல ஈயம் உருக்குறது சின்னப் பிள்ளைங்க உடம்புக்கு எவ்வளவு கெடுதல்ங்கறது தனி எபிசோடு. அதனால செஞ்சு பாக்கச் சொல்லல. ஆனா அவங்க அனுபவத்துல நமக்கு ஒரு பாடம் இருக்கு.

குழல்ல ஈயம் ஒட்டினதும் புதுசா வார்க்குறவங்க எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவாங்க: "ஈயம் ரொம்ப மெதுவா இருக்கு, கெட்டியாக்கணும்." உடனே ஆன்டிமனி, வெள்ளீயம் சேர்த்த உலோகத்தைத் தேடி ஓடுவாங்க. லைனோடைப் அச்சு உலோகம் இருக்குல்ல, நூத்துக்கு 84 காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம், அதைப் போட்டு வார்ப்பாங்க. குண்டு கல்லு மாதிரி ஆயிரும். ஒட்டுறது முன்னைவிட மோசமாகும்! ஏன்? மெத்துன்னு இருந்தாலாவது அழுத்தத்துல கொஞ்சம் விரிஞ்சு அடைச்சிருக்கும். கெட்டியான குண்டு விரியாது, இடைவெளி அப்படியே நிக்கும், வாயு ஜோரா பாயும். தப்பு கெட்டித்தன்மையில இல்ல, அளவுல.

அனுபவசாலி என்ன செய்வார்னா, முதல்ல குழலை அளப்பார். எண்ணெய் தடவின குழல்ல மெதுவான ஈயத்துண்டு ஒண்ணைத் தள்ளி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டர்ல வச்சுப் பார்ப்பார். குண்டு அதைவிட அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர், பெருசா இருக்கணும். ரிவால்வர்னா சுழலுற உருளையோட வாயையும் அளக்கணும். அது இறுக்கமா இருந்தா, சரியான குண்டையும் குழலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நசுக்கிச் சின்னதாக்கிரும். ஒட்டின இடமும் சாட்சி சொல்லும். குழலோட ஆரம்பத்துல ஒட்டியிருந்தா பெரும்பாலும் அளவுக் கோளாறு. நுனியில ஒட்டியிருந்தா மெழுகு பத்தாம போச்சுன்னு அர்த்தம். அந்த மெழுகுல இன்னைக்கும் தேன்மெழுகுதான் முக்கியச் சரக்கு.

தொழிற்சாலைத் தோட்டாவுல குண்டுக்கு உலோக உறை போட்டு இந்தத் தலைவலியையே ஒழிச்சுட்டாங்க. 1911 ஜூன் 17-ல மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் கையில இருந்த ப்ரௌனிங் மாதிரி தானியங்கிப் பிஸ்டலுக்கெல்லாம் உறை போட்ட குண்டுதான். ஈயம் குழலைத் தொடவே தொடாது.

ஆனா தங்கச்சி, உன் ஏர் பிஸ்டல்ல ஈயம் தொடும். நேரா உன்கிட்டயே சொல்றேன்.

உன் பெல்லட்டை எடுத்துப் பாரு. தலை தட்டை, இடுப்பு ஒடுங்கி, பின்னால பாவாடை மாதிரி விரிஞ்சு, உள்ள குழி. அந்த ஊதம்பு யோசனையேதான். பாவாடை காத்தை அடைக்கும், தலை புரியில ஓடும். டப்பா மேல எல்லாம் 4.5-னுதான் போட்டிருக்கும். கூடவே பொடி எழுத்துல 4.49, 4.50, 4.51-னு தலையோட அளவு இருக்கும், பாரு. மேட்ச் பெல்லட்டுல இது பெரும்பாலும் இருக்கும். பழைய டப்பாவைத் தூக்கிப் போடலன்னா ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடு. அளவே போடாத மலிவு டப்பான்னா, ஒண்ணு ஒண்ணு ஒரு அளவுல இருக்கும்.

எனக்கும் இது நடந்திருக்கு. ஒரு சீசன் முழுக்க மூச்சுப் பயிற்சி, மணிக்கட்டுப் பயிற்சி, காபியை நிறுத்துறதுன்னு என்னென்னமோ செஞ்சேன். கடைசியில ஒரு பெரியவர் என் பெல்லட்டை வாங்கிக் குழல்ல வச்சார். விரல் வைக்காமலே தானா உள்ளே வழுக்கிப் போச்சு. அவர் ஒண்ணும் பேசல, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் மறக்கல.

நீ செய்ய வேண்டியது இதுதான். முதல்ல குழலைச் சுத்தம் பண்ணு, ஃபெல்ட் உருண்டை போட்டு, கறுப்பு வர்றது நிக்கற வரைக்கும். இரும்புக் கம்பி, பிரஷ் எதுவும் விடாத. ஏர் பிஸ்டல் வேகத்துல ஈயம் உருகாது, தேய்ஞ்சுதான் ஒட்டும், அதனால ஃபெல்ட்டே போதும். சுத்தம் பண்ணினதும் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டு சிதறும், அதைக் கணக்குல எடுக்காத. அப்புறம் கிளப்ல வைஸ் இருந்தா, கோச்கிட்ட கேட்டு ரப்பர் வச்சு பிஸ்டலை மாட்டு. மூணு அளவுலயும் அஞ்சஞ்சு குண்டு, தனித்தனி அட்டையில, பத்து மீட்டர்ல. பாவாடை நசுங்கினதைப் பொறுக்கித் தள்ளிரு. டப்பாவை ஸ்கூட்டர் டிக்கியில போட்டுக் குலுக்கிக்கிட்டு வந்தா பாதி நசுங்கித்தான் இருக்கும். சுட்டு முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் முறுக்குல கை வைக்கணும், சரியா?

பத்தோட வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர்தான். வைஸ்ல மாட்டின பிஸ்டலே அந்த வட்டத்துக்கு வெளியே போடுதுன்னா, நடுங்கினது யாருன்னு உனக்கே தெரியும். ஒருவேளை மூணு அளவும் ஒரே ஓட்டையில விழுந்தா, சரி, அப்ப கையைப் பத்திப் பேசுவோம், அதுக்கும் வழி இருக்கு. எதுவா இருந்தாலும் அந்த மூணு அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பு. எந்த அட்டை எந்த அளவுன்னு பின்னால எழுதி வச்சுக்கோ, கலந்திராம.

அடுத்த வாரம் பாப்போம். வரட்டா?