பெரிய பிலிம் கேமராவுக்கு மறுபிறவி உண்டா?



பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் ஸ்டூடியோக்காரர்கள் 120 பிலிமில் எடுத்த பழைய குழுப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசைப் பெரியவரின் முகம்கூடத் தெளிவாக இருக்கும். காரணம், நெகட்டிவ் பெரிது.

1995இல் வந்த மாமியா 7 அதே பிலிமைப் போட்டு எடுக்கும் ரேஞ்ச்பைண்டர் கேமரா. உள்ளே எகிறும் கண்ணாடி கிடையாது, சத்தமும் குறைவு. துவாரத்தில் பார்த்தால் உருவம் இரண்டாகத் தெரியும். லென்சைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் கூர்மையாக விழும். நெகட்டிவ் 6க்கு 7 சென்டிமீட்டர்!

இது டிஜிட்டலாக வருமா? எனக்கு நம்பிக்கை குறைவுங்க. பத்துக்கோடிப் புள்ளிகள் உள்ள படத்தில், அந்த இயந்திரம் முடியளவு பிசகினாலும் முகம் மங்கிவிடும். 2025இல் பூஜிபிலிம் வெளியிட்ட ஜிஎப்எக்ஸ்100ஆர்எப் கேமராவுக்கு உருவம் மட்டுமே ரேஞ்ச்பைண்டர். துவாரத்துக்குள் இருப்பது மின்திரை. ரேஞ்ச்பைண்டருக்கே பேர்போன லைக்காகூட, அதே ஆண்டில் தன் எம் வரிசையில் மின்திரைக் கேமரா ஒன்றைக் கொண்டு வந்துவிட்டதே!

போகட்டும். அந்தப் பெரிய டிஜிட்டல் கேமராவால் நமக்கு வேறொரு காரியம் ஆகும். வெளிச்சப் பலகைமேல் பழைய நெகட்டிவை வைத்துக் கிட்டத்தில் படமெடுத்தால், முகங்கள் அப்படியே மீளும். தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்தோம் என்பதற்குப் பல குடும்பங்களில் ஒரு படந்தானே சாட்சி?

பிஸ்கட் டின்னில் நெகட்டிவோ படமோ கிடந்தால் பள்ளிக்குக் கொண்டு வாங்க. துணியால் துடைக்காதீங்க, ஓரத்தைப் பிடிச்சு எடுங்க. யார் யார் நிற்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு, வரிசைப்படி ஒரு தாளில் எழுதி வாருங்கள், பிள்ளைகளே.