மருந்து என்று பெயர் வைத்தோம்

(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விஞ்ஞான வளர்ச்சியும் அன்றாட வாழ்வும்' என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். பெரிய தலைப்பு. செல்போனைப் பற்றியும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக் கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு பொருள்தான். நாற்பது வருடத்துக்கு மேலாக நான் விற்கும் பொருள் அது. அதைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

நான் 1973-76 வேதியியல் மாணவன். என் வகுப்பில் பலர் பேங்குக்குப் போனார்கள், சிலர் ஆசிரியர் ஆனார்கள். நான் ஊருக்குத் திரும்பி 1982-ல் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு உரக்கடை வைத்தேன். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிறவர்கள் எங்கள் ஊரைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றுப் பாசனத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை, பூ, பருத்தி என்று விளைகிற பூமி. காய் பறித்தால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். அங்கிருந்து லாரி ஏறிக் கேரளாவுக்குப் போய்விடும்.

கடையில் உரத்தோடு பூச்சிக்கொல்லியும் விற்றேன். ஆனால் எங்கள் பக்கம் யாரும் 'பூச்சிக்கொல்லி' என்று சொல்வதில்லை. 'மருந்து' என்போம். மருந்தடிக்கணும், மருந்து நல்லா கேக்குது, மருந்துக்கடை. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, கத்தரிப் புழுவுக்கு அடிப்பதும் மருந்து. கோபத்தில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டாலும் 'மருந்தைக் குடிச்சுட்டாரு' என்றுதான் ஊர் சொல்லும். இத்தனை வருடம் வியாபாரம் செய்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தப் பெயர்தான் எங்கள் பயத்தைப் போக்கிவிட்டது.

எங்களை மட்டும் குறை சொல்லி என்ன? உலகமே முதலில் அப்படித்தான் பார்த்தது. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று 1939-ல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர். அதற்காக 1948-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேதியியலுக்கு அல்ல, மருத்துவத்துக்கு! மலேரியாக் கொசுவை ஒழித்ததால் அது நியாயம் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வீடு டி.டி.டி. அடிக்க ஆட்கள் வருவார்கள். அந்த வாசனை அடிக்கும் சுவரில் சாய்ந்துதான் நாங்கள் வாய்ப்பாடு படித்தோம். 1962-ல் அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் அம்மையார் புத்தகம் எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது. இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-ல்தான் நிறுத்தப்பட்டது.

டி.டி.டி.க்குப் பின் வந்த பாஸ்பரஸ் வகை மருந்துகளின் கதை இன்னும் மோசம். 1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கு மருந்து தேடப் போய், 'டாபுன்' என்ற நரம்பு விஷத்தைக் கண்டுபிடித்தார். ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. யுத்த வாயுவும் வயல் மருந்தும் ஒரே குடும்பம். நம் நரம்பு, தசைக்கு ஒரு சேதி சொன்னதும் அந்தச் சேதியை அழித்துவிட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அழியாத சேதி திரும்பத் திரும்ப அடிக்க, வாயில் நுரை தள்ளும், வேர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். புழுவுக்கும் இதேதான் நடக்கிறது, மனுஷனுக்கும் இதேதான். புழுவையும் மனுஷனையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அமெரிக்க மக்காச்சோள ரவை உப்புமா சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கப்பலில் கோதுமை வந்தால்தான் ரேஷன் என்ற காலம் அது. புது விதையும் உரமும் மருந்தும் வந்துதான் அந்த நிலை மாறியது. நன்றி மறக்கக் கூடாது. ஆனால் நன்றிக்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு.

கடையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு டேங்குக்கு ஒரு மூடி மருந்து போதும். ஐந்தாறு வருடத்தில் இரண்டு மூடி ஆயிற்று. பிறகு இரண்டு மருந்தைக் கலந்து அடித்தார்கள். 'கேக்க மாட்டேங்குதுண்ணே, இதைவிடப் பவரா வேற குடுங்க' என்பார்கள். காரணம் சுலபம். நூறு புழுவில் தொண்ணூற்றெட்டு சாகும்; மருந்தைத் தாங்கிய இரண்டு, மாதம் திரும்புவதற்குள் பெருகிவிடும். அதன் குஞ்சுகளுக்கும் அந்தத் தாங்கும் சக்தி இருக்கும். புழுவைத் தின்ன இருந்த பொறிவண்டும் சிலந்தியும் தட்டானும் முதல் அடியிலேயே போய்ச் சேர்ந்திருக்கும். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடின கதைதான்.

வெண்டையில் இன்னொரு சிக்கல். மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கணும் என்று லேபிளில் போட்டிருக்கும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப் போய்விடும். ஒரு வாரம் காத்திருக்க எந்தச் சம்சாரியால் முடியும்? காலையில் அடித்ததை மறுநாள் பறித்து லாரியில் ஏற்றுவார். நீங்கள் மார்க்கெட்டில் 'பளபளன்னு இருக்கே' என்று ஆசையாய் எடுத்துப் போடும் காய் அதுதான். ஒரு ஓட்டை இருந்தால் நாம் வாங்க மாட்டோம். நாம் வாங்காவிட்டால் வியாபாரி எடுக்க மாட்டார். சம்சாரி என்ன செய்வார்? தமிழ்நாட்டுக் காய்கறியில் விஷம் இருக்கிறது என்று 2015-ல் கேரளாவில் பெரிய சர்ச்சை கிளம்பியபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் கொதித்தார்கள். எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. கடைக் கணக்குப் புத்தகம் என்னிடம்தானே இருந்தது?

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

பூச்சிக்கொல்லி டப்பாவில் முக்கோணம் ஒன்று இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. 1958-ல் கேரளாவில் பாராத்தியான் கலந்த கோதுமை மாவால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமே வந்தது. சிவப்பு முக்கோண மருந்துகளில் எங்கள் பக்கம் அதிகம் ஓடியது மோனோகுரோட்டோபாஸ். விலை மலிவு, உடனே கேட்கும். 2005-ல் மத்திய அரசு அதைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. பருத்திக்கு அடிக்கலாம் என்று அப்போது இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பில்லில் 'பருத்தி' என்று எழுதினேன். வாங்குபவர் தோட்டத்தில் ஒரு பருத்திச் செடி கூடக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். நான் எழுதுவது பொய் என்பது அவருக்கும் தெரியும்.

2007 சித்திரை மாதம். எங்கள் தெருவில் ஒரு தம்பி கூலிக்கு மருந்தடிக்கப் போவார். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மருந்தைக் கையாலேயே கலக்குவார். உச்சி வெயிலில் கத்தரித் தோட்டத்தில் விழுந்துவிட்டார். திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'என்ன மருந்து அடிச்சாரு?' கூடப் போனவர்களுக்குத் தெரியவில்லை. 'நீலக் கலர் பாட்டில் சார்' என்றார்களாம். எனக்குப் போன் வந்தது. பெயரைச் சொன்னேன். அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

அன்று ராத்திரி கடையை அடைத்துவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து, அதோடு வரும் பொடி எழுத்துக் காகிதத்தைப் பிரித்தேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. காய்கறிக்கு அடிக்காதே, கையுறை போடு, விஷமுறிவு அட்ரோபின், எல்லாம் அதில் இருந்தது. 25 வருடம் விற்றவன் அன்றுதான் முழுசாகப் படித்தேன். ஆய்வுக்கூடத்தில் நம் பேராசிரியர் ஒருவர், இன்று நம்மிடையே இல்லை, தினமும் சொல்வார்: 'ஊத்துறதுக்கு முன்னாடி லேபிளை ரெண்டு தடவை படிங்கடா.' என் வகுப்புக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டம் வாங்கினேன், அந்த ஒரு வரியைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பி கடைக்கு வந்தார். கை நடுக்கம் நிற்கவில்லை. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். 'அண்ணே, அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து கத்தரி போட்டிருக்கேன். புழு வந்துருச்சு. அன்னைக்கு அடிச்ச அதே மருந்தைக் குடுங்க. அதான் நல்லா கேக்குது' என்றார். நான் தயங்கினேன். 'நீங்க இல்லைன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேண்ணே' என்றார். கொடுத்தேன். காசை எண்ணி மேசையில் வைக்கும்போது அவர் கை ஆடியது. பில்லில் பருத்தி என்று எழுதினேன்.

இதை இந்த மேடையில் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்காவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2009-ல் சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில்களை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டேன். வாடிக்கையில் பாதி போயிற்று. 'படிச்சவரு கடை, ஒண்ணும் கிடைக்காது' என்று கேலி செய்தார்கள். 2013 ஜூலையில் பீகாரில் பள்ளிச் சத்துணவுக்கான எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது கேலி கொஞ்சம் அடங்கியது. 2023 பிப்ரவரியில் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு மருந்துகளைத் தற்காலிகமாகத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசும் மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலைத் தடை செய்தது.

'இதெல்லாம் இல்லாவிட்டால் விவசாயம் அழிந்துவிடும்' என்பவர்களுக்கு இலங்கையைக் காட்டுவேன். அங்கே 1995-ல் மோனோகுரோட்டோபாஸையும், 1998-ல் எண்டோசல்பானையும் நிறுத்தினார்கள். தற்கொலை விகிதம் பத்து ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. ஒரு கண கோபத்தில் கை நீட்டும்போது எட்டுகிற இடத்தில் கொடிய விஷம் இல்லாததால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அதே இலங்கை 2021-ல் ரசாயன உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் நிறுத்தியது. விளைச்சல் சரிந்து சில மாதத்தில் பின்வாங்க வேண்டியதாயிற்று. மிகக் கொடியதை முதலில் எடு, மாற்றைக் கையில் கொடு, பிறகு அடுத்ததற்குப் போ. இரண்டையும் பார்த்து நான் கற்றது இது.

மாற்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பக்கத்துக் கன்னிவாடியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் பெண்கள் குழுக்கள் டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணியை வளர்த்தார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவி புழுவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்கவே பிறக்காது. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் காய்கறி மகத்துவ மையம் வந்தது. நிழல்வலைக் குடிலில் வளர்ந்த நாற்று, சொட்டு நீர் என்று அங்கே பார்க்கலாம். அதுவும் நவீனத் தொழில்நுட்பம்தான். இன்று என் கடையில் இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, வேப்பெண்ணெய் எல்லாம் விற்கிறேன். பச்சை, நீல முக்கோண மருந்தும் விற்கிறேன். நான் சாமியார் ஆகிவிடவில்லை. ஆனால் இப்போது பில்லில் பயிரின் பெயரைச் சரியாக எழுதுகிறேன். காகிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுக்கிறேன்.

நண்பர்களே, விவசாயியிடம் மட்டும் சொல்லி முடித்துவிட்டால் பேச்சு பாதிதான். நம் வீட்டிலும் 'மருந்து' இருக்கிறது. கொசுவர்த்தி, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, எலிக்கு வைக்கும் பேஸ்ட். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தியை ஏற்றிக் குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைக்கிறோமே, அதையும் யோசியுங்கள். எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். பூட்டுக்குப் பெயர் போன ஊர் திண்டுக்கல். நமக்குப் பூட்டா கிடைக்காது? காலி பாட்டிலில் எண்ணெய், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். காயை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஆனால் செடிக்குள் ஏறிய மருந்து கழுவினால் போகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஓட்டை விழுந்த கத்தரிக்காயைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சொத்தையை வெட்டிப் போட்டுவிட்டுக் குழம்பு வைக்கலாம்.

ஆசிரியராக இருக்கும் நண்பர்கள் பிள்ளைகளுக்கு அந்த முக்கோணத்தின் நாலு நிறத்தையும் சொல்லிக்கொடுங்கள். அப்பா வாங்கி வரும் பாட்டிலை அவர்களாவது படிக்கட்டும்.

அந்தத் தம்பி இப்போது மருந்தடிக்கப் போவதில்லை. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் நாற்று வாங்க வந்தார். கை இன்னும் லேசாக ஆடுகிறது. 'அண்ணே, நீங்க அந்தப் பவர் மருந்தை நிறுத்தினது தப்புதான்' என்று சிரித்தார். அவருக்கு இன்னும் அது மருந்துதான். என் மீது அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.