விழுவது விதியா?

தோழர்களே! இந்த மாமல்லபுரத்துப் பாறைக் கோயில்களைச் செய்தவன் பல்லவ அரசன் என்கிறோம். உளி பிடித்தவன் பெயரை எவரும் சொல்வதில்லை. இன்றும் சாரத்திலிருந்து ஒரு கொத்தனாரோ சித்தாளோ விழுந்தால், "தலையெழுத்து" என்று சொல்லிவிடுகிறார்கள்.

2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் மாண்டார்கள். அசாம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த 9 பேருக்கும் பிரமன் ஒரே நாளையா எழுதினான்?

கட்டடத்துக்குத் திருஷ்டி படாதிருக்க வைக்கோல் பொம்மையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுகிற முதலாளி, சாரத்தில் நிற்கும் மனிதனுக்கு ஏன் கயிறு கட்டவில்லை? இடுப்புக்குப் பெல்ட்டும், விளிம்பில் தடுப்புக் கம்பியும், கீழே வலையும் இருந்தால் விதி என்ன செய்யும்? கட்டடத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1996-லேயே சட்டம் வந்தது. சட்டம் தானாகச் சாரம் ஏறாது.

ஆகையால் தோழர்களே! ஒருவர் கேட்டால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து கேட்டால் பெல்ட் வரும். கேளுங்கள்!